கோயிட் கோபுரத்து முதுகுகள்

சான் பிரான்சிஸ்கோவில் டெலிகிராஃப் குன்றின் மேல் கோயிட் கோபுரம். உள்ளே 1934-இல் வரைந்த சுவரோவியங்கள், கீழ்த்தளத்தில் இருப்பவற்றைப் பார்க்கக் காசுகூட வேண்டாம். ஆனால் பார்க்க விட்டால்தானே! லிஃப்டுக்கு நிற்கிற கூட்டம் ஓவியத்தை மறைத்துக்கொண்டு செல்போனை நோண்டுகிறது.

விக்டர் அர்னாட்டாஃப் வரைந்த நகரக் காட்சியில், பட்டப்பகலில் நடுத்தெருவில் துப்பாக்கியைக் காட்டி ஒருவரிடம் பணம் பறிக்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அதை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கொஞ்சம் நகருங்கள் என்றால் முறைப்பு வேறு.

சரி, மேலே போனால் ஜன்னலுக்கு ஒரு செல்ஃபிக் குடும்பம். கோல்டன் கேட் பாலம் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது நாலு முதுகு. அவர்கள் நகர்வதற்குள் மூடுபனி வந்துவிட்டது!