மொரிஷியஸில் நஷ்டஈடு யாருக்குப் போனது?

"அடிமை முறையை ஒழித்ததே பிரிட்டிஷ்காரன்தான்" என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு மொரிஷியஸ் ஞாபகம் வந்துவிடும். 1835 பிப்ரவரி 1-ல் அங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்தது, சரி. அதற்காக லண்டன் அரசாங்கம் ஏறத்தாழ 20 லட்சம் பவுன் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையான 60,000-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு ஒரு காசுகூட இல்லை, அதோடு 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1839 வரை அதே முதலாளியிடமே வேலை.

கரும்புத் தோட்டங்களுக்கு அடுத்த ஆள் இந்தியாவிலிருந்து. 1834-லேயே கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பல் 36 பேரோடு வந்துவிட்டது. அப்புறம் பீகாரிகள், சென்னை மாகாணத்துத் தமிழர்கள், தெலுங்கர்கள், மராத்தியர்கள் என்று சுமார் நாலரை லட்சம் பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

"கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத்தானே போனார்கள், சம்பளம் உண்டே" என்பார்கள். அந்தச் சம்பளத்தைக் கொஞ்சம் பாருங்கள். மாதம் 5 ரூபாய், அரிசி தனி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு, அதற்குப் பெயரே 'டபுள் கட்'. ஐந்து நாள் தவறினால் பத்து நாள் கூலி போச்சு. சாட்டையை விடக் கணக்குப் புத்தகம்தான் அந்த ஜனங்களை அதிகம் வதைத்தது என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் முடிந்தவராவது நிம்மதியாக இருந்தாரா? 1867 சட்டப்படி புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் வெளியே நடக்கக்கூடாது, போலீஸ் பிடித்தால் 'நாடோடி' என்று சிறை. இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? சட்டசபையில் தோட்டக்காரர்களின் குரல்தான். 1886-ல் முதல் தேர்தல் நடந்தபோதுகூட, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த தீவில் ஓட்டுரிமை ஏறத்தாழ 4,000 பேருக்குத்தான்.

ஒரே ஒரு வெள்ளைக்காரர், அடால்ஃப் டி பிளெவிட்ஸ், 1871-ல் இந்த இந்தியக் கூலிகளுக்காக மனு எழுதினார். 9,401 பேர் அதில் ஒப்பமிட்டார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! தோட்டக்காரர்கள் அவரை நாடு கடத்தச் சொன்னார்கள், போர்ட் லூயிஸ் தெருவில் அடித்தார்கள். லண்டன் அனுப்பிய விசாரணைக் கமிஷன் 1875-ல் அறிக்கை கொடுத்தது, கூலிகள் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று. ஆனால் டபுள் கட் ஒழிந்தது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான்.