பதினைந்து நிமிஷம் காட்டிய அறிக்கை

என் தோழியை எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். செல்போனை வெளியே வைக்கச் சொன்னார்கள். மேஜைமேல் ஸ்டேப்ளர் அடித்த ஒன்பது பக்கம். "பதினைஞ்சு நிமிஷம் படிச்சுக்கோங்க மேடம். காப்பி தர முடியாது, கான்ஃபிடென்ஷியல்." அவள் கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரின்மேல் நடந்த விசாரணையின் அறிக்கை அது. கடைசிப் பக்கத்தில் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று இருந்தது. வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றபடி, ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் ஒரு ஓட்டல் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அந்த பில் இன்னும் அவளிடம் இருக்கிறது.

ரகசியம் என்று சொல்லி எல்லாரும் காட்டுவது, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் வருஷச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை. அதை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் ஊடகத்துக்கும் தெரியப்படுத்தக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. புகார் கொடுத்தவளிடம் மறைக்கச் சொல்லி எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, விசாரணை முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அப்பீலுக்கு இருப்பது 90 நாள். கையில் காகிதமே இல்லாமல் எதை வைத்து அப்பீல் எழுதுவாள்? அந்த பில்லை வைத்துத்தான் எழுதினாள்.

எனக்குத் தாங்கவே முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். கம்பெனி தன் பதில் மனுவில் "விசாகா கமிட்டி (இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள் இருக்கும் குழு) முறைப்படி விசாரித்தது, புகாரில் உண்மை இல்லை" என்று சொல்லி, அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் இணைத்திருந்தது. விசாரணை ஃபைலைக் கேட்டால் மறுபடியும் ரகசியம். தனக்குச் சாதகமான பக்கத்தைக் கோர்ட்டில் காட்டும்போது மட்டும் ரகசியம் கெடாதா?

கோர்ட் உத்தரவு போட்ட பிறகு ஃபைல் வந்தது. அன்று ராத்திரி போன் பண்ணினாள். "பேன்ட்ரி அக்கா சொல்லியிருக்காங்கடி. நான் மீட்டிங் ரூம்லேர்ந்து அழுதுட்டே வந்ததப் பாத்தேன்னு, கிழமையோட சொல்லியிருக்காங்க." அந்த வாக்குமூலத்தைப் பற்றி ஒன்பது பக்க அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. ஃபைல் வராமல் போயிருந்தால், தன் பக்கம் ஒருத்தி பேசினாள் என்பதே இவளுக்குத் தெரிந்திருக்காது.

ஏதோ ஒரு கம்பெனியின் தப்பு என்று இதை ஒதுக்க முடியவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர், அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய்மீது புகார் கொடுத்தார். கோகோய் மறுத்தார். மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள விடவில்லை என்று அந்தப் பெண் பாதியில் விலகினார். மே 6-ஆம் தேதி, புகாரில் சாரமில்லை என்று அறிவிப்பு வந்தது. 2003-ஆம் வருஷத் தீர்ப்பு ஒன்றைக் காட்டி அறிக்கையை வெளியிட முடியாது என்றார்கள். அந்தப் பெண் கேட்டும் பிரதி கொடுக்கவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே அப்படி நடந்தால் கம்பெனிகள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

அமெரிக்காவில் 1998-ல் வந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகு, தொல்லையைத் தடுக்கத் தக்க முயற்சி எடுத்தோம் என்று காட்டி முதலாளி தற்காத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் எங்கள் விசாரணையைப் பாருங்கள் என்று வாதிட்டுவிட்டு அதன் ஆவணங்களை வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள ரகசியம் என்று பூட்டி வைக்க முடியாது என்று அங்கே பல கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. நான் இங்கே கேட்பதும் அதுதான். அறிக்கையை எடுத்து நீட்டினால் ஃபைலையும் சேர்த்து நீட்டு.

பேன்ட்ரி அக்காவை நினைத்தால் எனக்கும் பயம்தான். கான்ட்ராக்ட் வேலை. பேர் வெளியே தெரிந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவருடைய பேரை மறைப்பது வேறு, அவர் சொன்னதையே மறைப்பது வேறு. பேர்மேல் கறுப்பு மை பூசி 'சாட்சி 2' என்று போட்டுக் கொடுக்கலாம். 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், இந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் இரு தரப்பின் பேருக்கும் பதிலாக வெறும் எழுத்துகளைப் போட்டு, மூடிய அறையில் நடத்தச் சொன்னார். ஊருக்குத் தெரியாமலும், வழக்காடுகிறவளுக்குத் தெரியும்படியும் செய்ய முடிகிறது.

வழக்கு இன்னும் நடக்கிறது. சிசிடிவி பதிவைக் கேட்டுக் குழு எழுதிய கடிதம் ஃபைலில் இருக்கிறது, அதற்கு வந்த பதில் இல்லை. அடுத்த வாய்தாவுக்கு அதைக் கேட்டு மனு போட்டிருக்கிறாள்.