எடுக்கலைன்னா என்னவாம்?

பைக்கில் போன் பேசும் பசங்களைத் திட்டி எழுதினால் லைக் குவியும். எனக்கோ அவர்களை விட, அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் மேல்தான் கோபம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ரோட்டோரம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகியவன், ஹெல்மெட்டே இல்லாமல் கழுத்தை ஒடித்துத் தோளில் இடுக்கியவன், ஒற்றைக் கையில் வாட்ஸ்அப் வாய்ஸ் அனுப்புகிறவன். காதலிதான் என்று சிரிப்போம். எனக்கென்னவோ, பாதிக்கு மேல் வீடுதான். "எங்கடா வர்ற?" என்று அம்மா. டூட்டி முடிந்த கையோடு துபாயிலிருந்து வாப்பா. "ஐஸ் ஏத்தியாச்சா?" என்று படகு முதலாளி சம்மாட்டி. எடுக்காவிட்டால் மறுபடி, மறுபடி. எடுத்ததும் முதல் கேள்வி, "ஏன் எடுக்கல?"

60 கி.மீ. வேகத்தில் போகிறவன் யார் கூப்பிடுவது என்று மூன்று நொடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு. கருவேலங்காட்டிலிருந்து ஆடு ரோட்டில் ஏற அவ்வளவு தூரம்கூட வேண்டாம். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை அள்ளிப் போட்டிருக்கும். பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தாலே வண்டி ஆடும். ப்ளூடூத் இருக்கே என்பார்கள். கை சும்மா இருக்கும், சரி. கவனம் துபாயில் அல்லவா இருக்கும்?

2022-இல் தமிழ்நாட்டில் அபராதத்தை ஏற்றினார்கள். முதல் தடவை ரூ.1,000, மறுபடி சிக்கினால் ரூ.10,000. பிடிபடுவது போனைப் பிடித்த கை மட்டும்தான். 18 வயது ஆகாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்தால் பெற்றவர்கள் ஜெயிலுக்கே போகலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. வண்டியில் போகிற பிள்ளையை விடாமல் கூப்பிட்டால்? அதற்குப் பிரிவு கிடையாது, போடவும் முடியாது.

இதே பையன் மீன் பிடிக்கப் படகேறினால், கொஞ்ச தூரத்தில் டவர் போய்விடும். விடிய விடியப் பேச்சில்லை. பயம் இல்லாமலா? இந்தக் கடலில் என்ன பயம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கரையேறியதும் கூப்பிடுவான் என்று வீடு காத்திருக்கிறது. ராத்திரி முழுக்கப் பொறுக்கிற வீட்டுக்கு, ராமநாதபுரத்திலிருந்து அவன் மண்டபம் வந்து சேரும் ஒரு மணி நேரம் மட்டும் ஏன் தாங்கவில்லை?

"அவசரம்னா என்ன செய்ய?" என்று கமெண்டில் கேட்பீர்கள். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாலத்து நடுவில் போய்க்கொண்டிருப்பவன் என்ன செய்துவிடப் போகிறான்?