ஒடஞ்ச ஊசிக்கு ஒரு டோஃபு

போன ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் வீடியோ கால்ல வந்தாங்க, கட்டில் மேல சேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, ஒவ்வொன்னா எடுத்து நெஞ்சுல வச்சு "இது எனக்கு சந்தோஷம் குடுக்குதா"ன்னு அவங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஏதோ ரீல்ஸ் பாத்திருக்காங்க. நீ ஜப்பான்ல இருந்தவதானே, அங்க எல்லார் வீடும் இப்படித்தான் காலியா சுத்தமா இருக்குமாமேன்னாங்க. போன்ல சொல்லி முடிக்க முடியல, அதனால இங்க கொட்டுறேன்.

அப்படியெல்லாம் இல்லீங்க. மூணு வருஷம் டோக்கியோ நிஷிகசாய்ல குடியிருந்தோம், எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி வாசல்ல செருப்பெல்லாம் வெளிய பாத்து நேரா திரும்பி நிக்கும், அதுக்குப் பின்னாடி அட்டைப்பெட்டி சீலிங் வரைக்கும் நிக்கும். "சந்தோஷம் குடுக்குதா"ங்கற கேள்வியக் கிளப்பிவிட்டு வீடு ஒதுங்க வைக்கச் சொல்லித்தர்ற மேரி கொண்டோ மாதிரி ஒருத்தர் அந்த ஊர்ல பிறந்ததே இந்த அட்டைப்பெட்டியாலதான்னு எனக்குத் தோணும்.

அந்தம்மாவையும் நாம பாதிதான் எடுத்துக்கிட்டோம். 2019 ஜனவரி 1 நெட்பிளிக்ஸ்ல அவங்க ஷோ வந்துச்சு, வீட்டுக்குள்ள போனதும் தரையில மண்டி போட்டு கண்ண மூடி வீட்டுக்கே வணக்கம் சொல்வாங்க, இது என்ன கூத்துன்னு நானே சிரிச்சிருக்கேன். 5 வருஷம் ஷிண்டோ கோயில்ல (ஷிண்டோன்னா ஜப்பானோட பழைய மதம்) மிகோவா, அதாவது கோயில் வேலைக்கு இருக்கற பொண்ணா இருந்தவங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவங்க சொன்ன வார்த்தை "தொகிமெகு", நெஞ்சு ஒரு துடி துடிக்குதே அது. இங்கிலீஷுக்குப் போறப்ப ஜாய் ஆகி, நம்ம கைக்கு வர்றப்ப ஹாப்பியா இல்லன்னா தூக்கிப் போடுன்னு ஆகிடுச்சு. போடறதுக்கு முன்னாடி அந்தப் பொருளுக்கு நன்றி சொல்லணும்னாங்களே, அது எந்த ரீல்ஸ்லயும் வரல. ஆனா ஒன்னு, வீட்டைக் காலி பண்ணச் சொன்னவங்களே அதே 2019 கடைசியில ஆன்லைன் கடை தொறந்து தட்டினா ஒரே சுருதியில ஒலிக்கற ஒரு டியூனிங் ஃபோர்க்கும் ஒரு கல்லும் சேத்து 75 டாலர்னு வித்தாங்க, அதை மட்டும் என்னால ஜீரணிக்க முடியல. 2023ல, மூணாவது குழந்தைக்கு அப்புறம் முன்ன மாதிரி ஒதுங்க வைக்க முடியலன்னு சொன்னதுக்கு ஊரே கிண்டல் பண்ணுச்சு, அதுக்கு மட்டும் நான் அவங்க கட்சி.

நான் பாத்த விஷயம் வேற. டிசம்பர் வந்தா வீட்டுக்கு வீடு ஓசோஜி, வருஷக் கடைசி பெரிய துப்புரவு. அந்தக் காலத்துல டிசம்பர் 13 "சுசுஹராய்", அடுப்புக் கரி ஒட்டடை தட்டற நாள். புது வருஷத்துக்கு தொஷிகாமின்னு ஒரு சாமி வீட்டுக்கு வருவார், அவர் வர்றதுக்குத்தான் இவ்வளவும். வாசல்ல பைன் கிளை வைக்கறதை 28க்குள்ள முடிச்சிடணும், 29 ஆகாது, ஒன்பதுக்கு "கு"ன்னு ஒரு உச்சரிப்பு இருக்கு, கஷ்டத்துக்கும் அதே "கு". 31ல வச்சா ஒரே ராத்திரிக்குன்னு ஆகி சாமிக்கு மரியாதைக் குறைவு. பாட்டி அந்த வாரம் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டி பால்கனியில உக்காந்து பல்லு விளக்கற பிரஷ்ஷால தேய்ப்பாங்க, அட்டைப்பெட்டி மட்டும் அசையாது. எங்க வீட்ல அன்னிக்கு கண்ணாடி டம்ளர் ஒன்னு ஒடஞ்சுது, கவர்ல போட்டு கட்டிக் கொண்டு போனேன், பாட்டி வழியிலயே நிறுத்தி, பேப்பர்ல சுத்தி மேல மார்க்கர்ல "கிகென்"னு எழுதிக் குடுத்தாங்க. அபாயம்னு அர்த்தம். நான் அதை ஊர் ரூல்னு எடுத்துக்கிட்டேன், ரூல்தான் அது.

இந்த சுசுஹராயை வச்சு முரோமாச்சி காலத்து, அதாவது 14-16ம் நூற்றாண்டு வாக்குல, படச்சுருள் கதை ஒன்னு இருக்கு. பாத்திரம் பண்டத்துக்கு 100 வயசானா உயிர் வந்துடும், சுகுமோகாமின்னு பேரு. அதுக்குப் பயந்து ஜனங்க 100 ஆகறதுக்கு முன்னாடியே பழசையெல்லாம் ஒட்டடை தட்டற சாக்குல தெருவுல வீசிடறாங்க. இத்தனை வருஷம் உழைச்சோமே, ஒரு வார்த்தை சொன்னாங்களான்னு அந்தச் சாமானுங்க எல்லாம் கூட்டம் போட்டு பழிவாங்கக் கிளம்புது. நடுவுல ஒரு ஜெபமாலை "பொறுங்கப்பா, கோபம் வேணாம்"னு சமாதானம் சொல்லி நல்லா அடி வாங்குது. எனக்கு அந்தக் கதையில பிடிச்ச ஆளே அதுதான். கடைசியில எல்லாம் திருந்தி புத்த மதத்துல சேந்துடும், அது கிடக்கட்டும். என்னைக் கேட்டா அங்க இருக்கற ஆன்மிகம் இதுதான், கழிச்சுப் போடறதுல இல்ல, வழியனுப்பறதுல. அதுலயும் பாதி நன்றி, பாதி பயம்.

நாரா ஊர்ல தோதாய்ஜி கோயில் பெரிய புத்தர் சிலை, சுமார் 15 மீட்டர் உயரம், ஆகஸ்ட் 7 அவருக்குத் தூசி தட்டற நாள். தட்டறதுக்கு முன்னாடி பூஜை பண்ணி அவர் உயிரை விக்கிரகத்துல இருந்து எடுத்து வச்சிடுவாங்க, நம்ம கோயில்ல திருப்பணிக்கு முன்னாடி பாலாலயம் பண்ற மாதிரியேதான். புத்தர் தோள்ல ஏறி நின்னு துடைக்கணும்ல, பின்ன.

எல்லாத்தையும் விட மனசுல நின்னது பிப்ரவரி 8, டோக்கியோ அசாகுசா சென்சோஜி கோயில் வளாகத்துல ஹரிகுயோ. ஒடஞ்ச ஊசிக்கு அஞ்சலி. சோயாவுல செய்யற பெரிய டோஃபு கட்டி ஒன்னு வச்சிருப்பாங்க, வருஷம் பூரா கெட்டித் துணியில குத்திக் குத்தி ஒடஞ்சதுல்ல, கடைசியா மெத்துனு ஒரு இடத்துல இருக்கட்டும்னு அதுல செருகணும். கிமோனோ கட்டின ஒரு அம்மா கைக்குட்டைய பிரிச்சு ஊசிய எடுத்தாங்க, குத்தல, வலிக்குமோங்கற மாதிரி மெல்ல இறக்கினாங்க, அப்புறம் கை கூப்பி நின்னாங்க. பின்னாடி வரிசை நிக்குது, யாரும் அவசரப்படுத்தல. என்கிட்ட ஊசி இல்ல, சும்மா வேடிக்கை பாக்கப் போனவ.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். 30 வருஷம் ஜாக்கெட் தச்சவங்க, அழுதுடுவாங்கன்னு நெனச்சேன். "டோஃபுன்னா பன்னீர் மாதிரியா? அப்புறம் அதை என்னடி பண்ணுவாங்க, வேஸ்ட்டா?"ன்னாங்க. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, எங்க வீட்டு மெஷின் டிராயர்ல எப்பவும் ஒரு தீப்பெட்டி இருக்கும், ஆட்டினா சலசலங்கும், ஒடஞ்ச ஊசி எல்லாம் அதுக்குள்ளதான் போகும். நீயும் சேத்து வச்சியேம்மா, எதுக்குன்னு கேட்டேன், உள்ளுக்குள்ள பெருசா ஏதோ எதிர்பாத்துக்கிட்டு.

"அப்படியே போட்டா குப்பை அள்ற பையன் கையில குத்திடுமேடி."