பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்

நம் பாஸ்போர்ட்டை வைத்து எத்தனை நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று வருஷா வருஷம் பேசுகிறோம். ஆனால் அதில் விழும் ஈசிஆர் (Emigration Check Required, அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டும்) என்ற குறிப்பைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

பத்தாவது தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் குறிப்பு விழும். வருமான வரி கட்டுபவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் என்று சிலருக்கு விலக்கு உண்டு. குறிப்பு இருந்தால் சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும். 1983 குடிபெயர்வுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான், மறுக்கவில்லை. முறைப்படி போனால் வேலை ஒப்பந்தம் அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பதிவாகும், 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு.

நடப்பது வேறு. எங்கள் தெருவில் சென்ட்ரிங் வேலை பார்த்த தம்பியிடம் ஏஜென்ட் சொன்னது இதுதான்: "கிளியரன்ஸுக்கு எதுக்கு அலையணும்? விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்." சுற்றுலா போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லையே! கையில் ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் புக்கிங் தாள். கவுண்டரில் கேட்டால் "சொந்தக்காரரைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லப் பாடம். ஷார்ஜா போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேசிய சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது. புகார் கொடுக்கலாம் என்றால் ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட இல்லை. அவர் அங்கே வேலை செய்ததற்கு நம் அரசிடம் பதிவே கிடையாது.

2018 ஜனவரியில் ஈசிஆர்காரர்களுக்கு ஆரஞ்சு நிற மேலட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தார்கள். இரண்டாந்தரக் குடிமக்களா இவர்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது, அந்த மாதமே கைவிட்டார்கள். சந்தோஷம். அத்தோடு நாமும் விட்டுவிட்டோம்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வேலையை, படிப்பை அல்ல. பத்தாவது தேறிய கொத்தனாரும் தேறாத கொத்தனாரும் அதே சாரத்தில்தான் ஏறுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் காப்பீடும் பதிவும் கட்டாயம், இன்னொருவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்? இந்த நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஒப்பந்தப் பதிவைக் கட்டாயமாக்கட்டும். விசிட்டில் ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளைப் பிடிக்கட்டும்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாராவது கிளம்பினால் பணம் கட்டும் முன் ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேளுங்கள். அதே இமைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணைத் தர மறுத்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.