92 சதவீதம் நிரம்பிவிட்டதாம்

2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில், மடல்களைச் சேர்த்துவைக்க 1 ஜிபி இடம் இலவசம் என்று அறிவித்தபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வது? அன்றைக்கு ஹாட்மெயில் தந்தது 2 எம்பி, யாஹூ 4 எம்பி. நாலு படம் வந்தால் பெட்டி மூச்சுத் திணறும். அப்புறம் ஆரம்பித்தது ஏலம். யாஹூ 100 எம்பிக்கு ஏறியது, ஹாட்மெயில் 250 என்றது. 2005-ல் ஜிமெயில் 2 ஜிபியைத் தொட்டு, இடம் நொடிக்கு நொடி கூடுவதை முகப்பிலேயே ஓடவிட்டது. 2007-ல் யாஹூ, அளவே கிடையாது என்று சொல்லிவிட்டது.

இந்தக் கூத்தையெல்லாம் நம்பித்தான் நான் ஒரு மடலையும் அழிக்காமல் விட்டேன். இப்போது என் பெட்டி (எந்த நிறுவனத்தின் சேவை என்பது இருக்கட்டும்) 92 சதவீதம் நிரம்பிவிட்டதாம். தினமும் சிவப்புப் பட்டை, பக்கத்திலேயே மாதச் சந்தா பொத்தான். சரி, அழித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தால், பெரிய மடல் எது, சின்னது எது என்று வரிசைப்படுத்த வழியைக் காணோம். எனக்குப் பதிலாக மடல் எழுதித் தரும் பொத்தான் மட்டும் மூன்று இடத்தில் பல்லைக் காட்டுகிறது. அதை யார் கேட்டார்கள்?

நேற்று இரவு ஒன்றரை மணி நேரம் விளம்பர மடல்களாகப் பொறுக்கி அழித்தேன். அப்போதும் 92தான். குப்பைத் தொட்டியில் கிடப்பதும் கணக்கில் சேருமாம். அதையும் காலி செய்தேன், 91 ஆனது. உடனே அவர்களிடமிருந்தே ஒரு மடல்: கூடுதல் இடம் தள்ளுபடி விலையில். அதுவும் பெரிய படத்தோடு.