நாற்பதாயிரம் மிச்சமாம்

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் காற்பந்துக் கழகம் தோற்றதைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவைக் கேட்ட பிறகு முடியவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அவர் இருந்திருந்தாலும் தோத்துத்தான் இருப்பம். அவரை விட்டதால நாற்பதாயிரம் மிச்சம், அவ்வளவுதான்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. அவர் என்றது எங்கள் பின்வரிசையின் நடுவில் நின்ற ஸ்டொப்பர் அண்ணனை. இந்த வருட வீரர் ஏலத்தில் கழகம் அவரை விட்டுவிட்டது.

மிச்சமாம். சரி, எங்கே அந்தக் காசு? கழகத்தின் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறதா? பந்து வாங்கினோமா, வலை மாற்றினோமா? வீரர்களுக்குக் கொடுக்கும் காசுக்கு உச்சவரம்பு வைத்து நடக்கிற போட்டியில் மிச்சம் என்று ஒன்று கிடையாது தம்பிமாரே. ஓர் அணிக்கு 4 இலட்சம், அதற்குள் 15 பேர். ஒருவரிடம் பிடுங்கியதை இன்னொருவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே ஓர் ஆள் எத்தனை ரூபாய்க்குப் பெறுமதி என்று கேட்பதே பிழையான கேள்வி. அவர் போனால் விடுபடும் காசில் அந்த இடத்துக்கு யார் வருவார்? இதுதான் கேள்வி.

போன வருடம் வரை கழகத்தின் கணக்குக் கொப்பியை எழுதியவன் நான்தான். மஞ்சள் மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி, அட்டையில் பிளேன்ரீக் கறை. அதில் இருப்பதைச் சொல்கிறேன். ஸ்டொப்பர் அண்ணனுக்கு 50,000. (பெயரைப் போடாதே என்று அவரே கேட்டுக்கொண்டார்.) இடது பக்கம் ஓடிய தம்பிக்கு 40,000. கோல் கீப்பருக்கு 30,000. பிறகு கட்டாருக்குப் போய்விட்ட முன்வரிசைப் பொடியனுக்கு 30,000. நான்கு பேருக்கும் சேர்த்து 150,000.

இந்த வருடம் என்ன செய்தோம்? ஏலத்தில் வெளியூர் ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கு 120,000 வரை ஏறினோம். அந்தக் காசு வானத்திலிருந்து விழவில்லை. கட்டார் தம்பியின் 30,000 இருந்தது. மீதி 90,000க்கு மற்ற மூன்று பேரையும் கழற்றிவிட்டு, அவர்கள் இடத்தில் அடிப்படை விலையான பத்தாயிரத்துக்கு மூன்று பொடியன்களைப் போட்டோம். அண்ணனின் 50,000 போய்ப் பத்தாயிரம் வந்ததைத்தான் நாற்பதாயிரம் மிச்சம் என்கிறார்கள். 120,000உம் 30,000உம் 150,000. போன வருடமும் 150,000, இந்த வருடமும் 150,000. ஒரு சதம்கூட மிச்சமில்லை. அந்த ஸ்ட்ரைக்கர் நல்லவரா, அண்ணன் நல்லவரா என்பது பேச்சே இல்லை. அந்த நாலு பேரா, இந்த நாலு பேரா? இதைத்தான் ஏலத்துக்கு முதல் நாள் கூட்டத்தில் சொன்னேன். "அண்ணன், நீங்க பழைய ஆள், இப்ப எல்லாம் இப்படித்தான்" என்று பதில் வந்தது.

இப்போது எல்லாம் எப்படி என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். கனடாவில் இருக்கும் என் மருமகன் அமெரிக்க ஃபுட்போல் பைத்தியம். தலைக்கவசம் போட்டுக்கொண்டு கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதுதான். அமெரிக்காவில் அதன் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் 1994இல் சம்பள உச்சவரம்பு தொடங்கியபோது ஓர் அணிக்கு 34.6 மில்லியன் டொலர், 2024இல் 255.4 மில்லியன். அந்த வரம்புக்குள் யாரை வைப்பது, யாரை விடுவது என்று பார்ப்பதற்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். 2022இல் கன்சாஸ் சிட்டி அணி தங்களுடைய மின்னல் வேக வீரர் டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டு, புது வீரர்களைத் தெரிவு செய்கிற ஐந்து வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. மயாமி அவரோடு நான்கு வருடத்துக்கு 120 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டது. கன்சாஸ் சிட்டி 2023இலும் 2024இலும் சுப்பர் போல் என்கிற இறுதிப் போட்டியை வென்றது.

இதைக் கேட்டதும் குழுவில் ஒரு தம்பி துள்ளிக் குதிப்பார்: "பாத்தீங்களா, பெரிய ஆளை விட்டாத்தான் வெற்றி!" ஐயா, நீங்கள் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். அவர்கள் விலைகூடிய ஒருவரை விட்டுப் பல இடங்களை நிரப்பினார்கள். நாங்கள் பல இடங்களைக் காலியாக்கி விலைகூடிய ஒருவரை வாங்கினோம்.

இன்னொருவர் அதே லீக்கின் டென்வர் அணியைத் தூக்கிக்கொண்டு வருவார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ரசல் வில்சனை 2024இல் விட்டார்கள், அவர் அவர்களுக்கு ஆடாமலே இரண்டு வருடக் கணக்கில் 85 மில்லியன் டொலர் ஏறியது. அங்கே அதற்குப் பெயரே செத்த காசு. அப்படியிருந்தும் புதுப் பொடியனை வைத்து அந்தப் பருவமே பிளேஓஃப், அதாவது கடைசிச் சுற்றுகளுக்குப் போனார்களே என்பார். போனார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் நாட்டிலுள்ள அத்தனை பல்கலைக்கழகப் பொடியன்களிலும் பன்னிரண்டாவதாக ஒருவரைத் தெரிவு செய்தார்கள். நாங்கள் ஏலம் முடிகிற நேரம் மண்டபத்தில் மிச்சமிருந்த மூன்று பேரை எடுத்தோம்.

அந்தப் பொடியன்களில் பிழை இல்லை. இதைப் பெரிய எழுத்தில் வாசியுங்கள். பின்வரிசையில் நின்ற தம்பிக்கு 17 வயது, வருகிற வருடம் ஏ.எல். சோதனை எடுக்கப்போகிறவன். ஐந்தாம் இலக்க ஜேர்சி அவனுக்கு முழங்கை தாண்டித் தொங்கியது. எதிரணியான கிண்ணியாப் பொடியன்கள் இரண்டு பக்கமும் பந்தை மாற்றி மாற்றி அடிக்க, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் சுழன்றான். எங்கள் கோட்டையடி மான்களாவது பஸ் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் நிற்கும். எங்கள் பின்வரிசை அன்றைக்கு ஒரு நிமிடம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போன வருடம் ஐந்து ஆட்டத்தில் 3 கோல் வாங்கிய அணி இந்த வருடம் நான்கு ஆட்டத்தில் 11 வாங்கியிருக்கிறது.

"ஸ்ட்ரைக்கர் 5 கோல் அடித்தாரே?" அடித்தார். நன்றாகவே அடித்தார். "போன வருடம் எங்கள் ஆட்டம் பார்க்கவே சலிப்பு, அரையிறுதியில்கூட ஒரு கோல் இல்லாமல் பெனால்டியில்தானே தோற்றோம்?" சரி, இருக்கலாம். மேலே போவோம்.

"ஸ்டொப்பர் அண்ணனுக்கு 36 வயது." ஆம், 36. ஓட்டம் குறைந்துவிட்டது, எனக்கும் கண் இருக்கிறது. நான் கேட்டது ஐந்து வருட ஒப்பந்தம் இல்லை. ஒரு வருடம், அந்தப் பொடியனைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கும் வரைக்கும். அவருக்கு 50,000 கூடவென்றால் 35,000க்குக் கேட்டிருக்கலாமே? யாராவது அவரிடம் கேட்டீர்களா?

"அவர் உனக்குச் சொந்தம், அதுதான் துள்ளுகிறாய்" என்று எழுதப்போகிறவருக்கு நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். ஆம், என் சித்தியின் மகளைக் கலியாணம் முடித்தவர். திருகோணமலையில் இரண்டு தெரு நடந்தால் சொந்தம் இல்லாத ஆள் யார்? கலியாணத்துக்கு முன்பே பத்து வருடம் நான் அவருக்குச் சப்பாத்துத் தூக்கியவன். கொப்பியை நான் எழுதிய ஆறு வருடத்தில் சொந்தக்காரன் என்று ஒருவனுக்காவது ஐந்து ரூபாய் கூட எழுதியிருக்கிறேனா? பக்கத்தைக் காட்டுங்கள், நான் கழகத்தை விட்டே போகிறேன். சொந்தம் என்பதால் 150,000 வேறு தொகை ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை என்னிடம் முகத்துக்கு நேரே கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, பின்னால் சிரிக்கத்தான் வந்திருக்கிறது.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் 14 வருடம் வேலை செய்தேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரத்து நின்றது, அடுத்த வருடம் கொரோனா. சம்பளச் செலவுக்கு முதலாளி ஒரு எல்லை போட்டார். அதில் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கும் கடன். என்னை நிறுத்திவிட்டு, என் சம்பளத்துக்கு இரண்டு இளம் பொடியன்களை எடுத்தார். கணக்கில் பார்த்தால் இலாபம்தான், ஒருவருக்கு இரண்டு பேர். ஆனால் அங்கே கிணற்று மோட்டாரைப் போடுவதற்கு முதல் பின்பக்க வால்வைத் திறந்து, காற்றுப் போகிற சத்தம் நின்ற பிறகுதான் சுவிட்சைத் தட்ட வேண்டும். இது எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்கவில்லை. அந்த வருடத்திலேயே இரண்டு தரம் மோட்டார் எரிந்தது. இரண்டாம் தரம் எனக்குப் போன் வந்தது: "அண்ணன், ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க." போனேன். காட்டினேன். பிளேன்ரீ தந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அதேதான். இடைவேளைக்கு 3–1 என்று பின்னால் நிற்கிறோம். அண்ணன் மதிலோரம் மகளோடு நிற்கிறார், கையில் பிள்ளையின் ஐஸ்பழம். நிர்வாகத்தில் ஒருவர் ஓடி வந்து, "அண்ணன், ஒருக்கா வந்து பொடியன்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்கிறார். என்ன முகம் ஐயா அது! ஏலத்தன்று தெரியாத அண்ணன் 3–1 ஆனதும் தெரிகிறார். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஐஸ்பழத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மணலில் செருப்பு நுனியால் நான்கு கோடு போட்டு, அந்த 17 வயதுத் தம்பியின் தோளைப் பிடித்து அரை அடி இடது பக்கம் தள்ளி நிறுத்திக் காட்டினார். ஏழு நிமிடம். இரண்டாம் பாதியில் 1–1. மொத்தம் 4–2, தோல்விதான். ஆனால் அந்த ஏழு நிமிடத்தை உங்கள் நாற்பதாயிரத்தில் எந்த வரியில் எழுதுவது? அதற்கு அடுத்த நாள்தான் அந்தக் குரல் பதிவு.

2021 ஓகஸ்டில் மெஸ்ஸிக்கே பார்சிலோனாவில் இடமில்லாமல் போனது. பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகும் ஸ்பெயின் லீக்கான லா லீகாவின் சம்பள வரம்புக்குள் அடங்கவில்லை. அவரை வைத்திருந்தால் சம்பளச் செலவு வருமானத்தின் 110 வீதம் என்று கழகத் தலைவர் கணக்கைச் சொன்னார். மனிதன் மேடையில் நின்று அழுதார், மண்டபமே எழுந்து கைதட்டியது. எங்கள் அண்ணனுக்கு மேடை வேண்டாம், கைதட்டல் வேண்டாம். ஒரு போன் கோல் போதும். தன்னை விட்டுவிட்டார்கள் என்பது ஏலப் பட்டியலைப் படம் பிடித்து யாரோ அனுப்பியபோதுதான் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கழகத்திலிருந்து வந்த ஒரே செய்தி, "ஜேர்சியைத் துவைச்சு அனுப்பி விடுங்க." துவைத்தார். என் தங்கச்சி இஸ்திரி போட்டு மடித்து, வீட்டில் வேறு நல்ல பை இல்லாததால் மகளின் ரியூசன் பையில் வைத்துக் கொடுத்துவிட்டாள். மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி கேற்றுக்கு வெளியே நின்றே வாங்கிக்கொண்டு போனாராம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வருகிறேன். திட்டுகிறவர்கள் அங்கே வந்து திட்டுங்கள். வரும்போது யாராவது அந்த ரியூசன் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். நீல நிறம், ஒரு பக்கப் பிடி பிய்ந்தது. பிள்ளை மூன்று வாரமாகப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறாள்.